எடை குறைக்க ஆபரேஷனா, டயட் மட்டும் போதுமா? முடிவெடுப்பது எப்படி

முதலில் கால்குலேட்டரை எடுங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், வந்துவிடும். 98 கிலோ, 1.65 மீட்டர் என்றால் 36. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி 35-ஐத் தொட்டுவிட்டால் வேறு நோய் இல்லாவிட்டாலும் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் என்றால், கூடவே சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் யோசிக்கலாம். ஆசிய உடல்வாகுக்கு 27.5-ஐத் தாண்டினாலே அந்தப் பேச்சை எடுக்கலாம். அதற்கும் கீழே இருக்கிறீர்களா? சரி, ஆபரேஷனை மறந்துவிட்டு டயட்டைப் பாருங்கள்.

அடுத்து, இதுவரை இருந்த டயட்டை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: எவ்வளவு குறைந்தது, எத்தனை மாதம் நின்றது, எவ்வளவு திரும்பி ஏறியது. டயட்டை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்களுக்குப் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் எடை குறையும், அதற்கே சர்க்கரையும் பிரஷரும் இறங்கும். எட்டு கிலோ குறைத்தால் போதும் என்பவர் கத்தி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. முப்பத்தைந்து கிலோ குறைய வேண்டியவர் கதை வேறு, ஏனென்றால் எடை இறங்க இறங்கப் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் இறங்கும், உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும், இந்த ஹார்மோன் மாற்றம் ஒரு வருடம் கழித்தும் சரியாவதில்லை என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் திரும்பி ஏறிய கிலோவுக்கு எல்லாம் உங்கள் மன உறுதியைத் திட்டாதீர்கள்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். கிரெலினைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே மட்டுப்படும். முதல் ஒன்று, ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் கால் பங்கு அளவுக்கு இறங்குவது சகஜம். ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் தொல்லை இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், அப்படிப்பட்டவர்கள் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) பற்றிக் கேளுங்கள்.

வாயைக் கட்ட முடியாதவர்கள்தான் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள் என்று சிலர் பேசுவார்கள். வாயைக் கட்டும் வேலையே ஆபரேஷனுக்குப் பிறகுதான் ஆரம்பம், அது அவர்களுக்குத் தெரியாது. அதனால் தேதி குறிக்கும் முன் இரண்டு வாரம் இதை ஒத்திகை பாருங்கள்: தட்டில் புரதம் முதலில், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்வது, சாப்பிடும்போது ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லாமல் முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பது, அதையும் சிறிது சிறிதாக உறிஞ்சுவது. கேட்க லேசாக இருக்கும். தொண்டையில் உணவு நிற்கிற மாதிரி இருக்கும்போது தண்ணீர் டம்ளரை நோக்கிக் கை தானாகப் போகும், அப்போது தெரியும். ஆபரேஷன் ஆனவருக்கு இது ஆயுள் முழுக்க. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். முடி கொட்டும் சில மாதங்களும் வரும், பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும். கொஞ்சம் எடை திரும்புவதும் உண்டு.

டாக்டரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், கசிவோ ரத்தப்போக்கோ வந்தால் ராத்திரியில் யார் பார்ப்பார்கள், மூன்று வருடம் கழித்தும் என்னைத் தொடர்ந்து கவனிப்பது யார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்புறம், எந்த வழியில் போனாலும் சரி, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டோஸோடு பாதிச் சாப்பாடு என்றால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும்.