வாய்க்காலில் கவர் போடுகிறவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சுற்றுச்சூழல் அக்கறை இல்லாத ஆளே கிடையாது. 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதும் கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனபோது டீக்கடைகளில் அதே பேச்சுதான். ஆனால் அப்படிப் பேசியவரே சாயங்காலம் மீன் கவரை முடிச்சுப்போட்டு வாய்க்காலில் வீசுவார். கேட்டால், "அவன் லாரி லாரியாக் கொட்டுறான், என் ஒரு கவர்லதான் ஊர் கெட்டுதா?" என்பார். அவருக்குப் போய் அக்கறையைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள், அது அவரிடம் நிறையவே இருக்கிறது.

முதல் வேலை, "எல்லோரும் இங்கேதான் கொட்டுகிறார்கள், வெட்கக்கேடு" என்கிற மாதிரிப் பலகை இருந்தால் கழற்றிவிடுங்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு அங்கே சோதித்துப் பார்த்ததில், பலர் கல்லை எடுத்துப் போய்விட்டார்கள் என்று புலம்பிய பலகை வைத்த இடத்தில்தான், எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன இடத்தைவிட அதிகமாகத் திருட்டுப் போனது. நாலு பேர் செய்வதைத்தான் மனசு பார்க்கிறது, அறிவுரையை அல்ல. இதே குழுவினர் 2008இல் வெளியிட்ட ஓட்டல் ஆய்விலும், பெரும்பாலான விருந்தினர்கள் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி வைத்த அட்டை, சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டையைவிட நன்றாக வேலை செய்தது. அதனால் உங்கள் தெருவில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வீடுகளைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் உண்மையாக இருக்கும் அளவுக்கு மட்டும்.

அப்புறம் அந்த இடத்தை ஒருமுறை சுத்தமாக அள்ளிவிட வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே குப்பை கிடக்கிற இடத்தில் போடக் கை கூசாது.

மஞ்சப்பை விஷயத்தில் "மறக்காதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்த காரியம்தான் நடக்கும். வண்டிச் சாவி தொங்கும் அதே ஆணியில் பையையும் மாட்டச் சொல்லுங்கள், பையை நகர்த்தாமல் சாவி கைக்கு வராதபடி.

லாரிப் பேச்சு வந்தால் மறுக்காதீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. வண்டி நம்பரைப் படம் எடுத்துப் போலீசுக்கு அனுப்புவோம் என்று சொல்லி, அவரையே கூட வரச் சொல்லுங்கள்.

கடைசியாக மீன் கடைக்காரரைப் பிடியுங்கள். பாத்திரம் கொண்டு வருகிறவருக்கு முதலில் வெட்டிக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள்.