மட்டக்களப்பு வாவியைச் சுற்றித் தாந்தாமலை வரை: புதியவர்களுக்கான சைக்கிள் வழிகாட்டி

மட்டக்களப்பில் மலைக்குச் சைக்கிள் பயணமா என்று சிரிப்பவர்கள் உண்டு. மாவட்டத்தின் பெரும்பகுதி வயலும் வாவியும்தான். தாந்தாமலைக்குப் போகும் வழியில்கூட மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தச் சுற்றை எளிதென்று சொல்ல மாட்டேன். வெயில், கச்சான் காற்று, காட்டு யானை ஆகிய மூன்றும் இங்கே மலையின் வேலையைச் செய்கின்றன.

முதலில் பாதை. நகரின் மையமான புளியந்தீவிலிருந்து புறப்பட்டு வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வழியே தெற்கே கொக்கட்டிச்சோலை. அதன் பிறகு வாவியை விட்டு விலகி மேற்கே, தாந்தாமலை முருகன் ஆலயம். வந்த வழியே கொக்கட்டிச்சோலைக்குத் திரும்பி, மண்முனைப் பாலத்தால் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி வழியாக நகருக்குள் நுழைய வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். முழு நாளையும் இதற்கென ஒதுக்குங்கள்.

இனி நேரத்தைத் திட்டமிட வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வெயிலுக்குப் பயந்தால் இருட்டோடு புறப்பட வேண்டும். யானைக்குப் பயந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு பயமும் நியாயமானவை. படுவான்கரையின் மேற்குப் பகுதியில் யானைகள் வயலுக்கும் ஊருக்கும் வந்து போவது அன்றாடச் செய்தி. அந்தியிலிருந்து அதிகாலை வரை அவற்றின் நேரம். ஆகவே அதிகாலையை வாவிக்கரை ஊர்களில் செலவிடுங்கள். காலை 5.30க்கு நகரிலிருந்து கிளம்பினால், நன்றாக விடிந்த பிறகே கொக்கட்டிச்சோலையை அடைவீர்கள். தேநீர் குடித்துவிட்டு 7.30 அளவில் மேற்கே திரும்புங்கள். 11 மணிக்குள் மறுபடியும் கொக்கட்டிச்சோலையில் இருக்க வேண்டும். கொடும் வெயிலை அங்கேயே நிழலில் கழித்துவிட்டு, 3.30க்குப் பிறகு மண்முனைப் பக்கம் மிதிக்கலாம். தாமதமாகிவிட்டால் மலையை விட்டுவிட்டுத் திரும்புங்கள். பிற்பகலில் தாந்தாமலைக்குப் புறப்படுவது துணிச்சலில் சேராது.

மாதமும் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் படுவான்கரை வீதிகள் பல தண்ணீருக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். பெப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை சிறந்த காலம், அறுவடையையும் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த மாதங்களில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். மலையிலிருந்து முற்பகலிலேயே திரும்பச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் காய்ந்த சூட்டுக்காற்று அது. போகும்போது எதிர்க்கும், வரும்போது முதுகைத் தள்ளும். தள்ளுகிறதே என்று மகிழ்ந்து தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு இழந்தது என்பதே தெரியாது.

சைக்கிள் எதுவானாலும் பரவாயில்லை. வீட்டில் நிற்கும் சாதாரண லுமாலா சைக்கிளே போதும். கியர் இருந்தால் எதிர்காற்றில் கால் தப்பும். மெல்லிய பந்தய ரயர் மட்டும் வேண்டாம். மேற்கே போகப் போகத் தாரும் கிரவலும் மாறி மாறி வரும். கிரவலில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தால் குலுக்கல் குறையும். மிதமிஞ்சிக் குறைத்துவிட்டால் குழியில் விழும்போது ரிம் ரியூபைக் கடித்துவிடும். இருக்கையின் உயரத்தை வீட்டிலேயே சரிபாருங்கள்: குதிகாலை மிதியில் வைத்து, மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். உபரி ரியூப், ஒட்டுப் போடும் சாமான்கள், கைப் பம்ப் மூன்றும் கட்டாயம். ரியூப் மாற்றுவதை முற்றத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

பழக்கம் இல்லாதவர்கள் முதலில் மலையை விட்டுவிட்டு வாவிச் சுற்றை மட்டும் ஓட வேண்டும்: வலையிறவு, கொக்கட்டிச்சோலை, மண்முனை, கல்லடி. முழுத் தூரத்தில் பாதிக்கும் குறைவு. அதை முடித்த மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிந்தால், நீங்கள் தயார்.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி இரண்டு பொதி. கொக்கட்டிச்சோலையைத் தாண்டினால் கடைகள் அருகும், அங்கேயே போத்தல்களை நிரப்புங்கள். கோயிலுக்குப் போகிறபடியால் மீன், இறைச்சி என்று மச்சம் கலந்த சாப்பாடு பையில் இருக்கக் கூடாது. பிட்டும் வாழைப்பழமும் போதும். தயிர்ச் சட்டியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எருமைத் தயிரை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மிதிப்பவரைக் காப்பாற்ற முருகனாலும் முடியாது.

மேற்குத் துண்டில் தனியாகப் போகாதீர்கள். புறப்படும்முன் கடையில் இருப்பவரிடமோ வயலுக்குப் போகிறவரிடமோ, ‘இரவு ஆனை வந்ததா, எந்தப் பக்கம் போனது?’ என்று கேளுங்கள். எந்தச் செயலியும் தராத தகவல் அது. மோட்டார் சைக்கிளின் சத்தம் தூரத்திலேயே யானைக்குக் கேட்டுவிடும். நம்முடைய சைக்கிள் ஓசையில்லாமல் பக்கத்தில் போய் நின்றுவிடும். அதுதான் ஆபத்து. பற்றைகள் வீதியை நெருங்கும் இடங்களில் பேசிக்கொண்டே போங்கள். ஈரமான யானை இலத்தியைக் கண்டால் நின்று கவனியுங்கள். யானையே தெரிந்தால் மணியடிக்காமல், படம் எடுக்காமல், வந்த பக்கமே திரும்புங்கள். விபத்து நேர்ந்தால் 1990 என்ற எண்ணை அழையுங்கள்; அது இலவச அம்புலன்ஸ் சேவையின் எண்.

தாந்தாமலையில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு வெறுங்காலுடன் ஏற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும். ஆடித் திருவிழாக் காலத்தில் சனமும் வாகனமும் நிறைந்திருக்கும். சைக்கிள்காரருக்கு அது உகந்த நாள் இல்லை. கொக்கட்டிச்சோலையில் ஓய்வு நேரம் நிறைய இருப்பதால், கல் நந்தி புல் தின்ற கதைக்குப் பேர்போன தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

திரும்புவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது; அதற்கு முன் அங்கே படகில்தான் கடக்க வேண்டும். படகு ஆசை இருந்தால் அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குச் செல்லும் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். சேவை நடக்கிறதா என்று கொக்கட்டிச்சோலையிலேயே விசாரித்துவிடுங்கள். தூரம் சற்றுக் கூடும்.

கல்முனை வீதியில் ஏறியதும் கவனத்தை இரட்டிப்பாக்குங்கள். யானைக்குப் பயந்தவர்கள் பஸ்ஸுக்குப் பயப்படாமல் விடுவது வேடிக்கை. காத்தான்குடியில் மாலை நெரிசல் அதிகம். பின்விளக்கை அந்தியாகும் முன்பே போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். கிரவல் தூசி செயினுக்குள் இறங்கியிருக்கும். துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை உள்ளே எடுங்கள்.