வெளியூரில் இருக்கிற அப்பாவுக்குப் பிள்ளையின் வளர்ச்சியை மாசாமாசம் எழுதி அனுப்புவது எப்படி

எங்க குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் பிள்ளையின் அப்பா வளைகுடாவில் இருக்கிறார், தூத்தூர், வள்ளவிளை பக்கம் என்றால் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாமல் இருக்கிறார். பிள்ளையை வீடியோ காலில் பார்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன, பிள்ளை மெலிஞ்சு போச்சு?" என்பதுதான். நாம் "நல்லாத்தானே இருக்கு" என்போம், பின்னாலிருந்து பாட்டி "ஒண்ணும் திங்க மாட்டேங்கு" என்பார், அப்புறம் அன்றைக்கு முழுக்க அவருக்கு அங்கே வேலை ஓடாது. நல்லா இருக்கு, சரியாகச் சாப்பிடவில்லை என்ற பேச்சை வைத்துக்கொண்டு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது, நாளைக்கு ஒரு டாக்டராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் கருத்தை விடுங்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை மாதம் ஒரு பக்கம் போதும், அதை அப்படியே போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பலாம்.

பிள்ளை பிறந்த தேதியிலேயே மாதாமாதம் எழுதுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மேலே வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். "ஒன்றரை வயசு இருக்கும்" என்பதில் 16 மாதமும் அடங்கும், 19 மாதமும் அடங்கும், அந்த மூன்று மாதத்தில் பிள்ளை எவ்வளவோ மாறிவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்த வயதையும் பக்கத்தில் எழுத வேண்டும், இரண்டு வயது வரைக்கும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தாய் சேய் நல அட்டையையும் நோட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

முதலில் எடை. இரண்டாவது வயதில் பிள்ளை ஒரு வருடம் முழுக்கச் சேர்த்துக் கூடுவதே இரண்டு, இரண்டரை கிலோதான், அதாவது மாதத்துக்குச் சுமார் 200 கிராம். நனைந்த டயப்பரே அந்த 200 கிராம் இருக்கும். ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு ஏறினாலும் அதே அளவு கூடும். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, நம் எடையைக் கழித்துப் பார்க்கிற வழி மாதாமாதம் ஒப்பிட ஆகாது, அந்த மெஷின்களில் பல அரைக்கிலோ முன்னே பின்னே காட்டும். அங்கன்வாடிக்கே போங்கள். எப்போதும் ஒரே தராசு, முடிந்தவரை காலை நேரம், சாப்பாட்டுக்கு முன்னால், டயப்பர் இல்லாமல். வெள்ளி அரைஞாண், கொலுசு இரண்டையும் கழற்றிவிட்டு எடை பாருங்கள். பாட்டி கழற்ற விடவில்லை என்றால் எல்லா மாதமும் அதோடேயே எடை பாருங்கள், ஒரு மாதம் போட்டு ஒரு மாதம் கழற்றுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

உயரத்தை மாதாமாதம் அளக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிற பிள்ளையை நெளிய நெளிய அளந்தால் அளக்கிற பிழையே ஒரு சென்டிமீட்டர் வரும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். இரண்டு வயது வரை படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். படுக்க வைத்து அளப்பதைவிட நிற்க வைத்து அளக்கும்போது சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பிள்ளை குறுகிப்போச்சு என்று பயப்பட வேண்டாம்.

எண்ணை எழுதியதும் அட்டையில் இருக்கிற வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்கும், மாற்றி வைத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுதான் அது. இரண்டு வயது முடியும்போது நடுக்கோடு ஆண் பிள்ளைக்கு 12.2 கிலோ, பெண் பிள்ளைக்கு 11.5 கிலோ; எடைக் குறைவு என்று சொல்வது ஆணுக்கு 9.7, பெண்ணுக்கு 9 கிலோவுக்குக் கீழே போனால்தான். இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள், அதில் எங்கே இருந்தாலும் அது அந்தப் பிள்ளையின் வாகு. அடுத்த வீட்டுப் பிள்ளை 13 கிலோ என்பது உங்கள் நோட்டில் வரவேண்டிய செய்தியே இல்லை. உங்கள் பிள்ளையின் கோடு தன் போக்கில் மேலே போகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோடு இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து படுத்தே கிடந்தாலோ கீழே இறங்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரே ஒரு மாதத்து எண்ணை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து பிள்ளை என்ன செய்கிறது என்பது, அவர் ஆசையாக வாசிக்கப்போவதும் இதைத்தான், அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். "நல்லா விளையாடுது" என்று எழுதாதீர்கள். "நேற்று முற்றத்தில் கிடந்த கொச்சங்காயை (தென்னங்குரும்பையை) காலால் தட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள், இரண்டு தடவை விழுந்தாள், தானே எழுந்தாள்" என்று எழுதுங்கள். இதிலேயே ஓட்டம், பந்தை உதைக்கிற மாதிரியான செயல், பிடிப்பில்லாமல் எழுவது மூன்றும் வந்துவிட்டன. நடை, கை வேலை, பேச்சு, மனிதர்களோடு பழகுவது என்று நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் புதிதாகப் பார்த்த ஒன்றை எழுதினால் போதும். ஸ்பூனைப் பிடித்துத் தானே தின்றதா, நாம் பல் தேய்ப்பதைப் பார்த்து அதுவும் தேய்த்ததா, வானத்தில் போகிற விமானத்தைக் கை நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்த்ததா. இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. தனக்கு வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது ஒன்று, தான் பார்த்ததை நமக்கும் காட்ட நீட்டுவது இன்னொன்று, இரண்டாவது வருகிறதா என்பது பேச்சுக்கும் மனிதர்களோடு பழகுவதற்கும் பெரிய அடையாளம், அதனால் தனியாக எழுதுங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை பிள்ளை சொல்கிற சொற்களை அது சொல்கிற மாதிரியே எழுதி, பக்கத்தில் என்ன அர்த்தத்தில் சொல்கிறது என்று போடுங்கள். சரியான உச்சரிப்பு வேண்டியதில்லை, எப்போதும் அதே பொருளுக்கு அதே சத்தம் வந்தால் அது ஒரு சொல். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே ஓடும், இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இரண்டு மொழி கேட்பதால்தான் பிள்ளை பேசவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதனால் பேச்சு நின்றுபோவதில்லை.

சாப்பாட்டுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலை முதல் இரவு வரை வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான், ஒன்றும் தின்பதில்லை என்ற பிள்ளை நான்கு டம்ளர் பாலும் ஆறு பிஸ்கட்டும் உள்ளே தள்ளியிருப்பது தெரியவரும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் போனால் சோற்றுக்குப் பசி இருக்காது, பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. சாயாவில் பிஸ்கட்டை முக்கிக் கொடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். மட்டிப்பழம் நல்லது, ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) நல்லது, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) கொடுக்கலாம், ஆனால் மரச்சீனி வெறும் மாவுச்சத்து, கூடவே முள் நீக்கிய சாளையோ நெத்தோலியோ இருந்தால்தான் அது பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு. ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை ஏறும், அப்போது முட்டையும் பருப்பும் தட்டில் வருகிறதா என்று பாருங்கள். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவைக் கொடுத்தீர்களா என்றும் ஒரு வரி. ரம்புட்டான் சீசனில் பழத்தைக் கொட்டையோடு கையில் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தூக்கத்துக்கு ஒரு வரி போதும், பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். நோய் வந்ததைக் கண்டிப்பாக எழுதுங்கள், எத்தனை நாள், என்ன மருந்து என்று. நமக்கு இரண்டு மழைக்காலம், சளியும் காய்ச்சலும் வந்த மாதத்தில் எடை கூடாமல் நிற்பது சாதாரணம், அந்த வரி இருந்தால்தான் கோடு ஏன் படுத்தது என்று பிற்பாடு புரியும். வயிற்றுப்போக்கு முடிந்த பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். தடுப்பூசிக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது தவணையும் முத்தடுப்பு (டிபிடி) ஊக்கத் தவணையும் போலியோ சொட்டும் இருக்கின்றன, 9 மாதத்தில் தொடங்குகிற வைட்டமின் ஏ 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. போட்ட தேதியை நோட்டிலும் எழுதிவிடுங்கள்.

ஒரு மாதத்துப் பக்கம் எப்படி இருக்கலாம் என்று பாருங்கள்:

"22 மாதம். எடை 10.4, போன மாதம் 10.3. நீளம் 83. இரண்டாவது வாரம் மூன்று நாள் காய்ச்சல், பாரசிட்டமால் மட்டும் கொடுத்தோம், அந்த வாரம் கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை, இப்போது பழையபடி தின்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள், இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். மூக்கு, கண், வயிறு கேட்டால் தொட்டுக் காட்டுகிறாள். புதிதாக இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாள்: 'தண்ணி தா', 'பாட்டா போச்சு' (தாத்தா போய்விட்டார்). உங்கள் குரல் போனில் கேட்டதும் கதவுக்கு ஓடிப்போய் நின்றாள். கேட்க வேண்டியது: வலது காது அடிக்கடி தேய்க்கிறாள்."

அந்தக் கடைசி வரி எல்லா மாதமும் இருக்கட்டும், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். இந்தப் பக்கத்தை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். குளிக்கிற படம், உடுப்பில்லாத படம் எதையும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டாம், அங்கிருந்து எங்கே போகும் என்று நம் கையில் இல்லை.

சில விஷயங்களில் அடுத்த மாதம் எழுதிப் பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது. 18 மாதம் முடிந்தும் பிடிக்காமல் நடக்கவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நேற்றுவரை சொன்ன சொல்லோ செய்த செயலோ நின்றுபோனால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே காட்டுங்கள். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் முதலில் காது கேட்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டிச் சொன்னால் தக்கலை அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு வரும், எந்த நாள் என்று டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையோடு நோட்டையும் கொண்டு போங்கள்.