பெயர் எந்தத் தெருவில் இருக்கிறது?

2019 டிசம்பர், ஊரக உள்ளாட்சித் தேர்தல். செய்யாறு பக்கத்தில் எங்கள் கிராமப் பள்ளி வாசலில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளியில் நான் ஆசிரியை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் என் தலையில்தான். ஊரில் எல்லோருக்கும் நான் ‘பி.எல்.ஓ. டீச்சர்’. ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் ஒன்றாக வந்தார்கள். ஊராட்சியின் இரண்டு வார்டுகளுக்கு அந்த ஒரே சாவடிதான். உள்ளே மனைவிக்கு வெள்ளை வாக்குச்சீட்டு கொடுத்தார்கள், கணவருக்கு நீலச் சீட்டு.

தலைவருக்கான இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்கான பச்சை, மாவட்டத்துக்கான மஞ்சள் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. வார்டு உறுப்பினர் சீட்டுதான் வேறு. வெள்ளைச் சீட்டில் நின்றவர் அந்த அம்மாளின் தம்பி. மாமனுக்கு மைத்துனன் பெயரே இல்லாத சீட்டு! வெளியே வந்து என்னிடம் சண்டை பிடித்தார். “ஏப்ரலில் இதே வாக்காளர் அட்டையைக் காட்டித்தானே டீச்சர் எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டேன்?”

போட்டார்தான். ஆனால் அவர் பெயர் அண்ணன் வீடு இருந்த பிள்ளையார் கோயில் தெருவிலேயே கிடந்தது. குடிபோனது ஏரிக்கரைத் தெருவுக்கு. கல்யாணத்துக்குப் பின் மனைவியின் பெயரை மட்டும் புது வீட்டில் சேர்த்திருந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு இரண்டு தெருவும் ஒரே தொகுதி என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது. வீடு வீடாகப் போனபோது அந்த அம்மாளின் பெயரைச் சரிபார்த்தேன், வீட்டுக்காரர் பெயர் எங்கே என்று கேட்கவில்லை.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கென்று யாரும் தனியாக வந்து பெயர் எழுதுவதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து, தெருவாரியாக வார்டுகளுக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் நீங்கள் பெயர் சேர்க்க வேண்டிய இடம் சட்டமன்றப் பட்டியல். அதில் தெரு தவறினால் வார்டும் தவறும்.

முதல் வேலையாக அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். அட்டை இருந்தாலே ஓட்டு உண்டு என்று நினைப்பவர்களை நான் ஒவ்வொரு தேர்தலிலும் சமாதானப்படுத்தியிருக்கிறேன். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.), வீடு வீடாகக் கொடுத்த கணக்கீட்டுப் படிவம் திரும்பி வராதவர்களின் பெயர் வரைவுப் பட்டியலில் ஏறவே இல்லை. இருபது வருடமாக ஓட்டுப் போடுகிறவரும் பார்க்கத்தான் வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தால் பாகம் எண்ணும் (ஒரு சாவடிக்கான பட்டியல்தான் ஒரு பாகம்) வரிசை எண்ணும் வரும். அதோடு நிறுத்திவிடாமல் அந்தப் பாகத்தின் பட்டியலைத் திறந்து, உங்களுக்கு மேலும் கீழும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தால் நிம்மதி. முகம் தெரியாத பெயர்களாக இருந்தால் தெரு மாறிக் கிடக்கிறீர்கள்.

பெயரே இல்லை, இதுதான் முதல் முறை என்றால் படிவம் 6. வேறு எங்கோ பெயர் இருக்கிறது, வீடு மாறிவிட்டீர்கள், எழுத்துப் பிழை, அட்டை தொலைந்துவிட்டது என்றால் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்க 7. கல்யாணமாகி வந்த மருமகளுக்குப் படிவம் 6 வாங்க வருகிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த ஊரில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்தால் 8-தான் சரி. பழைய இடத்திலிருந்து பெயரை எடுத்து இங்கே கொண்டுவருவார்கள். 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பெயர் ஏறும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்காது. வேறெங்கும் பெயர் இல்லை என்று தெரிந்தே பொய்யாகக் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

வயது கணக்கு முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதிகள். அந்தத் தேதியில் 18 நிறைந்திருந்தால் போதும். 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே படிவம் கொடுத்து வைக்கலாம். பிளஸ் டூ வகுப்பில் நானே கையோடு வாங்கியிருக்கிறேன்.

படிவம் 6-இல் பெரும்பாலோர் வெறுமையாக விடுகிற ஒரு கட்டம் இருக்கிறது: அதே முகவரியில் ஏற்கனவே பட்டியலில் உள்ள குடும்பத்தாரின் பெயர், உறவு, அட்டை எண். அதை நிரப்புங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் ஏரிக்கரை எந்த ஏரிக்கரை என்று தெரியாது. அப்பாவின் அட்டை எண் இருந்தால் மகளின் பெயர் அதே பாகத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காரும். வீட்டு எண்ணை வரி ரசீதில் உள்ளபடி எழுதுங்கள். ‘மாரியம்மன் கோயில் எதிரில்’ என்பது தபால்காரருக்குப் போதும், பட்டியலுக்குப் போதாது.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ வையுங்கள். முகவரிக்கு மின் கட்டண ரசீது, வங்கி அல்லது தபால் நிலையக் கணக்குப் புத்தகம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்று. வெள்ளைப் பின்னணியில் வண்ணப் படம். வீடே இல்லாதவர்களும் சேரலாம். அவர் சொல்லும் இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று பி.எல்.ஓ. இரவில் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு தடவைக்கு மேல்.

இணையத்தில் நிரப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பெயரை அடித்ததும் தமிழ்க் கட்டம் தானாக நிரம்பும். அது தமிழ்ப் படித்த இயந்திரம் இல்லை. ‘கனிமொழி’ எங்கள் பட்டியலில் ‘கனிமொலி’ ஆனது அப்படித்தான். அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள். கைப்பேசியில் முடியாதவர்கள் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கலாம், பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். திருத்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளிகளிலேயே முகாம் நடக்கும். அங்கே பட்டியலும் கையிலிருக்கும், ஆளும் எதிரில் இருப்பார். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். பின்னால் 1950 என்ற உதவி எண்ணில் கேட்கும்போது அந்தச் சீட்டில் உள்ள எண்தான் பேசும்.

அதற்குப் பிறகு பி.எல்.ஓ. வீட்டுக்கு வருவார். ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் விடுவார்கள். பெயர் ஏறியதும் அட்டை விரைவுத் தபாலில் வரும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு மேல் பட்டியலில் கை வைக்க முடியாது. சுவரில் சின்னம் வரையத் தொடங்கிய பிறகு படிவம் தேடாதீர்கள்.

அந்தத் தேர்தலில் மைத்துனர் இரண்டு ஓட்டில் தோற்றார். கொத்தனார் ஜனவரியிலேயே படிவம் கொடுத்தார். அப்போது ஒரே தொகுதிக்குள் வீடு மாற 8ஏ என்று தனிப் படிவம் இருந்தது. இப்போது அதெல்லாம் 8-க்குள் அடங்கிவிட்டது. இன்று அவர் பெயர் ஏரிக்கரைத் தெருவில், மனைவிக்கு அடுத்த வரிசையில் இருக்கிறது. கனிமொலி அந்த அம்மாள்தான். போன மாதம் என்னிடம் ஒரு படிவம் 8 வாங்கிப் போனார்.