பித்தப்பை எடுத்த பிறகு எந்த விறைப்பூசி திறம்? ஒப்பிடும்போது விடுகிற பிழைகள்

“தம்பி, பக்கத்துக் கட்டிலில இருக்கிறவவுக்கு வயித்தில ஊசி போட்டவையாம். எனக்கு முதுகிலயாம். எது திறம்?” யாழ்ப்பாணத்தில் லப்பரஸ்கொப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பை எடுக்க வாட்டில் காத்திருந்த மாமி கேட்டது இது. எந்த நோவுக்கு என்று மாமி கேட்கவில்லை. ஒப்பிடுகிற வைத்தியர்களும் சில வேளை அதைக் கேட்பதில்லை.

நோவு மூன்று இடத்திலிருந்து வரும்: வயிற்றுச் சுவரில் போட்ட துளைகள், பித்தப்பை இருந்த இடம், வயிற்றை ஊதப் பயன்படுத்திய காபனீரொட்சைட்டு. பிளொக் என்றால் நரம்பை விறைக்க வைக்கும் ஊசி. வயிற்றில் போடும் டாப் பிளொக் முதலாவதை மட்டும்தான் விறைக்க வைக்கும். முதுகெலும்போரம் போடும் ஈ.எஸ்.பி. பிளொக் 2016இல் அறிமுகமானது. மருந்து உள்ளே பரவினால் இரண்டாவதையும் ஓரளவு தணிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரேபோல் பரவுவதில்லை. மூன்றாவதற்கு இரண்டையும் நம்ப முடியாது. வாயு பிரிமென்றகட்டை உறுத்தும். அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் தோள்மூட்டில் நோகும். ‘ஊசி வேலை செய்யேல்ல’ என்று தாதியிடம் கோபிக்கிறவர்களிடம் எங்கே நோகிறது என்று கேட்டுப் பாருங்கள், சிலர் தோளைத்தான் காட்டுவார்கள்.

டாப் என்பதும் ஒரே ஊசி அல்ல. விலாப்பக்கம் இடுப்புக்கு மேலே போடும் பழைய முறை தொப்புளுக்குக் கீழேதான் நன்றாகப் பிடிக்கும். சிசேரியனுக்குச் சரி. பித்தப்பைத் துளைகளோ வழக்கமாகத் தொப்புளிலும் அதற்கு மேலும். அதற்கு விலா விளிம்புக்குக் கீழே போடும் டாப்தான் பொருந்தும். பழைய முறையை ஈ.எஸ்.பி.யோடு மோதவிட்டு ‘டாப் தோற்றது’ என்பது, கிளித்தட்டில் ஒரு பக்கம் ஆள் குறைத்து ஆடவிடுவது மாதிரி.

ஒன்றுமே போடாதவர்களோடு ஒப்பிட்டால் எந்தப் பிளொக்கும் திறமாகத்தான் தெரியும். துளை வாய்களில் விறைப்பு மருந்து போட்டு, பனடோலும், ஒத்துக்கொள்கிறவர்களுக்கு டைக்குளோபெனாக் என்ற நோவு மருந்தும் நேரத்துக்குக் கொடுத்தவர்களோடு ஒப்பிட வேண்டும். அப்போது வித்தியாசம் சுருங்கிவிடும். லப்பரஸ்கொப்பி என்றால் பலருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். வயிற்றைப் பெரிதாக வெட்டித் திறந்தால் கதை வேறு.

எனக்குப் பயம் தருவது மருந்தின் அளவு. இந்த ஊசிகளில் போடும் விறைப்பு மருந்தான பியூபிவக்கேனுக்கு வழக்கமான உச்ச வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம். மாமி 50 கிலோ, ஆகவே 100 மில்லிகிராம், 0.25 சதவீத மருந்தில் 40 மில்லிலீற்றர். இரண்டு பக்கமும் இருபது இருபதாகப் போட்டாலே கணக்கு முடிந்தது. அப்புறம் சத்திரசிகிச்சை நிபுணர் துளை வாய்களிலும் போட்டால்? மருந்து வரம்பு மிஞ்சினால் உதட்டைச் சுற்றி விறைக்கும், காது இரையும், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பே குழம்பலாம். மயக்கத்தில் கிடக்கிறவர் முதலிரண்டையும் சொல்லவும் மாட்டார். தியேட்டரில் இரண்டு வைத்தியர்களும் ஒரே கணக்கிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

மாமி விடப்போன பிழை வேறு. விறைப்பு இருக்கும்போது நோகவில்லை, பனடோல் எதற்கு என்றார். ஒற்றை ஊசியின் விறைப்பு அரை நாளளவில் விட்டுவிடும். காலையில் சத்திரசிகிச்சை என்றால் அது இரவில், பார்க்க வந்த சனமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு. நோவு தொடங்குமுன்பே குளிசை உள்ளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.