விலை உயர்ந்த நாணயத்தை வாங்கினால் லாபமா? அந்நியச் செலாவணியில் முதல் படிகள்

உலகிலேயே விலை அதிகமான நாணயம் குவைத் தினார். ஒரு தினாருக்கு மூன்று அமெரிக்க டாலருக்கும் மேலே கொடுக்க வேண்டும். அடுத்து பஹ்ரைன் தினார், ஓமன் ரியால், ஜோர்டான் தினார். பட்டியலைப் பார்த்ததும் இவற்றில் ஒன்றை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

படி 1: விலை நகர்கிறதா என்று பாருங்கள்

ஓமன் ரியாலின் பத்து வருட வரைபடத்தைத் திறந்தால் ஏறக்குறைய நேர்கோடுதான். 1986 முதல் ஒரு டாலருக்கு 0.3845 ரியால் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். பஹ்ரைன் தினாரும் அப்படியே, 0.376. குவைத் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த கூடையோடு இணைத்திருப்பதால் லேசாக அசையும். அசையாத விலையில் லாபம் எங்கிருந்து வரும்? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் கையை விட்டுப் போகும்.

சொல்லப்போனால், ஓர் அலகின் விலை பலத்தைக் காட்டுவதே இல்லை. 1961இல் குவைத் தினார் வந்தபோதே ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாக வைத்தார்கள். ஒரு டாலருக்கு நூறு யென்னுக்கு மேல் கிடைக்கிறது. ஆனாலும் உலகில் அதிகம் கைமாறும் மூன்று நாணயங்களில் யென்னும் ஒன்று.

படி 2: ஒரே ஒரு ஜோடி

இந்தச் சந்தையில் எப்போதும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம். யூரோ–டாலரில் தொடங்குங்கள், ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) குறைவு. விலை 1.1000 என்றால் ஒரு யூரோவுக்கு 1.10 டாலர். நான்காவது தசம இலக்கம் ஒன்று நகர்ந்தால் அது ஒரு பிப்.

படி 3: கணக்குப் போடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். லாட் என்பது ஒரு வர்த்தகத்தின் அளவு. மைக்ரோ லாட் என்றால் 1,000 யூரோ. ஒரு பிப்புக்கு 10 சென்ட். முழு லாட் 1,00,000 யூரோ; ஒரு பிப்புக்கு 10 டாலர். விலை 50 பிப் எதிராகப் போனால் முன்னதில் 5 டாலர் நஷ்டம், பின்னதில் 500 டாலர். 30 மடங்கு லெவரேஜில், அதாவது கட்டும் பணத்தைப் போல் 30 மடங்குக்கு வர்த்தகம் செய்ய புரோக்கர் விடும்போது, மைக்ரோ லாட்டுக்குச் சுமார் 33 யூரோ கட்டினால் போதும். ஆனால் விலை மூன்றேகால் சதவீதம் திரும்பினாலே அந்த 33 காலி. ஒரு வர்த்தகத்தில் கணக்கில் உள்ள பணத்தின் 1 சதவீதத்துக்கு மேல் பணயம் வைக்காதீர்கள்.

படி 4: டெமோ கணக்கு, ஸ்டாப் லாஸ்

டெமோவில், அதாவது நிஜப் பணம் போடாத பயிற்சிக் கணக்கில் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டாப் லாஸ் போடுங்கள்; விலை எதிராகப் போய் நீங்கள் குறித்த இடத்தைத் தொட்டால் வர்த்தகத்தைத் தானாக முடிக்கும் உத்தரவு அது. ஆனால் அதை முழுசாக நம்பிவிட வேண்டாம். ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்காமல் காத்துவந்த சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று திடீரென்று அதைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. பலருடைய ஸ்டாப் லாஸ் போட்ட விலையில் நிறைவேறவே இல்லை.

படி 5: புரோக்கர்

உரிமம் உண்டா என்று ஒழுங்குமுறை அமைப்பின் தளத்திலேயே தேடுங்கள். விலை வித்தியாசத்தை மட்டும் லெவரேஜில் வர்த்தகம் செய்யும் சிஎஃப்டி (CFD) ஒப்பந்தங்களில், தனிநபர்களின் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டமடைவதாக ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் சொன்னது. சரி, இதற்குப் பிறகும் இறங்குகிறீர்கள் என்றால், சிறு தொகையைப் போட்டு, அதில் பாதியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அது சிக்கலில்லாமல் கைக்கு வந்த பிறகு மீதியை யோசிக்கலாம்.