புது டிவி வாங்கும் முன் பழைய டிவியை ஒருமுறை பாருங்கள்

போன வருடம் ஒரு நாள் அப்பா போன் செய்தார். "டிவி போயிடுச்சுப்பா. சத்தம் மட்டும் வருது, படம் இல்ல. புதுசுதான் பாக்கணும் போல."

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். திரை முழுக்க இருட்டு. ஆனால் செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் மங்கலாக ஒரு முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆக, படம் இருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம்தான் இல்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பகுதியை, கழற்றினார். உள்ளே வரிசை வரிசையாக எல்இடி பட்டைகள். அவற்றில் ஒன்றே ஒன்று கருகிப் போயிருந்தது. தொடராக இணைத்த விளக்குகள் என்பதால் அந்த ஒன்று மற்றவற்றையும் சேர்த்து அணைத்துவிட்டது. கருகிய பட்டையோடு நிறுத்தாமல் எல்லாப் பட்டைகளையும் மாற்றச் சொன்னார். ஒரே வயதுள்ளவை, ஒன்று போனால் அடுத்ததும் சீக்கிரம் போகும் என்றார். நியாயமான பேச்சு. புது டிவி விலையில் ஒரு சிறு பங்குதான் ஆனது. அந்த டிவி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிவி விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறுகள் கடையில் நடப்பதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவை வீட்டிலேயே நடந்துவிடுகின்றன. பழைய டிவிக்கு என்ன கேடு என்று பார்க்காமல் "மாத்திடலாம்" என்று முடிவெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்.

கோளாறு எங்கே என்று தெரியாமல் முடிவெடுப்பது

சத்தம் வந்து படம் வராவிட்டால், மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்யுங்கள். உருவம் தெரிந்தால் பெரும்பாலும் பேக்லைட் (திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு) பிரச்சினை. டிவி ஆன் ஆகவே அடம்பிடித்தால், அல்லது டக் டக்கென்று சத்தம் போட்டுவிட்டு நீண்ட நேரம் கழித்து உயிர் பெற்றால், பவர் போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகம்) உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே பழுதுபார்க்கத் தகுந்தவை. ஆனால் நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் போர்டில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளையே அடித்துவிடும்.

திரையில் கோடு விழுந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. ரிமோட்டில் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் மேலும் அதே கோடு ஓடினால் கோளாறு டிவியில். மெனு சுத்தமாக இருந்து, பின்னால் ஓடும் படத்தில் மட்டும் கோளாறு என்றால், சந்தேகம் செட்டாப் பாக்ஸ் மேலோ கேபிள் மேலோதான். டிவியில்தான் என்று தெரிந்தாலும், பேனலைக் குறை சொல்லும் முன் உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளையும், படத்தைப் பேனலுக்கு அனுப்பும் டீகான் போர்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பேனல் உடைந்துவிட்டது, அல்லது பேனலே செத்துவிட்டது என்றால், அதற்குச் செலவு செய்யாதீர்கள். ஒரு டிவியின் விலையில் பெரும் பகுதி பேனல்தான். பழகிய டிவி என்ற பாசத்தில் அதில் பணத்தைக் கொட்டினால், மற்ற பாகங்கள் அதே பழைய வயதில்தான் இருக்கும். செலவு புது டிவி விலையில் பாதியைத் தாண்டுகிறதென்றால் நான் மாற்றிவிடுவேன்.

ஆப் ஓடவில்லை என்பதற்காக டிவியையே மாற்றுவது

இதுதான் இப்போது அதிகம் நடப்பது. ஸ்மார்ட் டிவி என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள். ஒன்று திரை, இன்னொன்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர். திரை பத்து வருடம் உழைக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கு நான்கைந்து வருடத்திலேயே மூச்சு வாங்கும். ஒரு ஜிபி நினைவகத்தோடு வந்த டிவியில், வருடா வருடம் பெருக்கும் ஆப்கள் திணறத்தானே செய்யும்?

சில நேரம் ஆப் மொத்தமாகவே நின்றுவிடும். 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது, 2012-க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் அந்த ஆப் வேலை செய்யாமல் போனது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய டிவி மாடல்களிலிருந்து விலகிக்கொண்டது. அந்த டிவிகளின் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் எத்தனையோ பேர் டிவியையே தூக்கிப்போட்டிருப்பார்கள்.

எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். பழைய டிவி வெறும் திரையாக மாறிவிடும், மூளை வேலையை ஸ்டிக் பார்த்துக்கொள்ளும். அதற்கான மின்சாரத்தை மட்டும் டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும் என்பதால் ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழும், பழி மறுபடியும் டிவி மேல் விழும். கூடவே வரும் அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள்.

ஸ்டிக் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் அணைப்பது உண்மையில் அணைப்பது அல்ல, டிவி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். இவ்வளவிலேயே வேகம் திரும்பிய டிவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

"படம் சரியில்லை" என்பது பெரும்பாலும் செட்டிங்ஸ்தான்

பல வீடுகளில் டிவி, பெட்டியிலிருந்து எடுத்த நாளில் இருந்த அதே அமைப்பில் ஓடுகிறது. விவிட், டைனமிக் என்றெல்லாம் பெயர் வைத்த அந்த முறைகள் கடையின் கூசும் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்காக இருப்பவை. வெள்ளை நீலம் பூத்திருக்கும், மனிதர்களின் தோல் மெழுகு மாதிரி தெரியும். இன்னொரு பக்கம், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறை ஆன் ஆகியிருந்து திரை மங்கிக் கிடக்கும். "வயசாயிடுச்சு, வெளிச்சமே இல்ல" என்பார்கள்.

சினிமா அல்லது மூவி முறைக்கு மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும். திரும்ப மாற்றிவிடாதீர்கள், கண் பழகட்டும். படத்தை உருவாக்கியவர்கள் 6500 கெல்வின் என்ற, நீலம் பூக்காத வெள்ளையை அளவாக வைத்துத்தான் வண்ணம் சேர்க்கிறார்கள், மூவி முறை அதற்கு அருகில் இருக்கும். அப்புறம் ஷார்ப்னஸைக் குறையுங்கள். எழுத்துகளைச் சுற்றித் தெரியும் வெள்ளை விளிம்பு காணாமல் போகும். சினிமா நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுவது. டிவி தானாக இடையில் பிரேம்களைச் செய்து நுழைக்கும்போதுதான் பெரிய படங்கள்கூட வீடியோ கேமராவில் எடுத்த சீரியல் போலத் தெரிகின்றன. மோஷன் என்று தொடங்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். விளையாட்டுப் போட்டிக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

இன்னொன்று, எச்டி செட்டாப் பாக்ஸை வாங்கி, சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயரில் இணைத்திருக்கும் வீடுகள். அந்த மஞ்சள் ஒயர் எச்டி படத்தைச் சுமக்காது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை மாட்டினாலே டிவி புதிதாகத் தெரியும்.

வசனம் புரியவில்லை என்பதும் டிவியை மாற்றக் காரணம் அல்ல. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் சின்னது, அதுவும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். புது டிவியும் அப்படித்தான் இருக்கும். டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் ஒரு சவுண்ட்பாரை இணையுங்கள்.

சரி, எப்போதுதான் மாற்றுவது?

பேனல் போனால், திரை உங்கள் அறைக்குச் சிறிதாகிவிட்டால், அல்லது உங்கள் பழைய டிவியால் செய்யவே முடியாத ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால். இங்கேதான் பலர் தவறான காரணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நம்முடையது ஃபுல் எச்டி, இப்போது எல்லாம் 4கே."

4கே திரையில் 3840-க்கு 2160 பிக்சல்கள், ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080. நான்கு மடங்கு என்பது உண்மை. ஆனால் அதைப் பார்க்கும் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் நுணுக்கம் பிரிந்து தெரியும். இதைக் கணக்குப் போட்டால், 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் பிக்சல்கள் ஒன்றாகக் கலந்துவிடும். 55 இன்ச்சில் சுமார் 2.2 மீட்டர். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 43 இன்ச் பார்ப்பவரென்றால், அதே அளவில் 4கே வாங்கினால் கூடுதல் நுணுக்கம் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. 8கே பற்றிப் பேசவே வேண்டாம்.

நீங்கள் உடனே உணரப்போவது அளவைத்தான். 43-லிருந்து 55-க்குப் போனால் திரையின் பரப்பு 64 சதவீதம் கூடுகிறது. உட்காரும் தூரம், திரையின் மூலைவிட்ட அளவைப் போல 1.6 மடங்கு இருந்தால் சினிமா பார்க்க வசதி. 55 இன்ச்சுக்கு அது சுமார் 2.2 மீட்டர், 65 இன்ச்சுக்கு 2.6 மீட்டர். கடையில் நின்று கண் அளவில் முடிவு செய்தால் ஏமாற்றம்தான், அங்கே கூரை உயரம், சுவர் அகலம். நான் பழைய செய்தித்தாள்களை 122-க்கு 68 சென்டிமீட்டர் அளவில் ஒட்டி, இரண்டு நாள் சுவரில் விட்டுவைத்தேன். 55 இன்ச்சின் அளவு அது. முதல் நாள் பெரிதாகத் தெரிந்தது, இரண்டாம் நாள் சாதாரணமாகிவிட்டது. டிவியின் கால்கள் இரண்டு ஓரங்களில் வருமா, அதற்கு மேசை போதுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சுவரில் மாட்டுவதானால், உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் இருக்கும் உயரத்தில் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். புகைப்படம் மாட்டுவது போல மேலே மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்பவர்கள் நிறைய.

மாற்றத் தகுந்த இன்னொரு காரணம் எச்டிஆர். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையில் உள்ள விவரத்தைக் காட்டும் முறை அது. நல்ல திரையில் பார்த்தால், 4கேயைவிட இதுவே பெரிய முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் பெட்டியின் மேல் எச்டிஆர் என்று எழுதியிருப்பதற்கு, "அந்த சிக்னலை ஏற்கும்" என்று மட்டும்தான் பொருள். வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரணப் படங்கள் 100 நிட் வெளிச்சத்துக்கு அமைக்கப்படுபவை, எச்டிஆர் படங்கள் பலவும் 1000 நிட்டுக்கு. 300 நிட் மட்டுமே தரும் மலிவான டிவி அதை எப்படிக் காட்டும்? உச்ச வெளிச்சம் எவ்வளவு, லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதிகளில் மட்டும் பேக்லைட்டைக் குறைக்கும் வசதி) இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். கியூலெட், ஓலெட் இரண்டும் ஒன்று போலக் காதில் விழுந்தாலும் கியூலெட் பேக்லைட் வைத்த எல்சிடிதான். ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கு நான் ஓலெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் இருக்கும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம். எல்சிடியிலும் இரண்டு வகை உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதிகமென்றால் ஐபிஎஸ், நேர் எதிரே இருட்டில் படம் பார்ப்பவரென்றால் கறுப்பு ஆழமாகத் தெரியும் விஏ.

கேம் விளையாடுபவர்கள், பெட்டியில் போட்டிருக்கும் மோஷன் எண்ணை நம்ப வேண்டாம். பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது, எவ்வளவு என்று கேளுங்கள். 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 துளை வேண்டும். விளையாடாதவர்களுக்கு இதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை.

கடையில் டெமோ படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்கு பழகிய, இருட்டுக் காட்சிகள் உள்ள ஒரு வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். மூவி முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள். டிவி வீட்டுக்கு வந்த அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓடவிட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

பழையதை யாருக்காவது கொடுப்பதானால், எல்லா ஆப்களிலிருந்தும் வெளியேறி ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் கடவுச்சொற்களும் அதனோடு போகக்கூடாது. ஓடாத டிவி என்றால் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவிகளின் உள்ளே இருக்கும் மெல்லிய விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது. அதற்கும் முந்தைய பெரிய பெட்டி டிவிகளின் கண்ணாடியில் ஈயம்.